கொழுப்புக் கட்டிதானே என்று சொன்னவர்கள் நாங்கள்தான்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரம் வாசியுங்கள். வீட்டிலுள்ள உம்மாமாருக்கும் சாச்சிமாருக்கும் ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் சாச்சியிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க மகள், என்ட பேரை மட்டும் போடாதீங்க. நாலு பேருக்குப் பிரயோசனமாப் போகட்டும்" என்று சொன்னார்.

நாங்கள் இரண்டு பேர், ராத்தாவும் தங்கச்சியும். இரண்டு பேரும் ஆசிரியைகள். ஒருவர் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார், மற்றவர் ஆரம்பப் பிரிவில். எங்கள் சின்ன வயதில் உம்மா வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போனபோது எங்களை வளர்த்தது சாச்சிதான். கல்வியியற் கல்லூரிக்கு எங்களை அனுப்ப, கையில் கிடந்த காப்பை அடகு வைத்தவர் அவர். இன்றைக்கு எங்களை ஊரில் "ரீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அதற்குள் அந்தக் காப்பும் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு, சாச்சி எங்களை அறைக்குள் கூப்பிட்டு இடது மார்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். கடலை விதையளவில் ஒரு கட்டி.

"நோகுதா சாச்சி?"

"இல்ல. நோவு ஒண்டுமில்ல."

சாச்சிக்குக் கையில் ஒரு கட்டி பல வருடமாக இருக்கிறது. மெத்தென்று உருளும். அது கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொண்டு நாங்களும் சொன்னோம்: "இதும் கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும். நோகல்லதானே. கலியாணம் முடியட்டும், காட்டுவோம்."

சாச்சியின் மகனின் கலியாணம் அப்போது வரவிருந்தது. கலியாணம் முடிந்தது. அதன் பிறகு நோன்பு வந்தது. பிறகு பரீட்சைக் கடமை. ஏழு மாதம் போய்விட்டது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்த சாச்சி, "மகள், இதில தோல் உள்ளுக்கு இழுக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற வீட்டில் நடந்தது இது. ஆஸ்பத்திரி பிந்தவில்லை, டொக்டர் பிந்தவில்லை. பிந்தியது நாங்கள். அதை முதலில் ஒத்துக்கொண்டுதான் மற்றதை எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாம் கெதியாக நடந்தது. மெமோகிராம், ஸ்கேன், ஊசி போட்டுத் துண்டு எடுத்துப் பார்த்தது, சத்திரசிகிச்சை, பிறகு மருந்து ஏற்றியது. கட்டி அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்தது. தலைமுடி கொட்டியது. அல்ஹம்துலில்லாஹ், அந்தக் காலத்தைத் தாண்டி வந்தோம். கடைசியில் கிளினிக்கில் சாச்சிக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒன்று, வருடக்கணக்கில் குடிக்க வேண்டும். லெட்ரசோல் என்று பெயர்.

ஒரு இரவு குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு சாச்சி கேட்டார்: "கட்டிய வெட்டி எடுத்தாச்சி. மருந்தும் ஏத்தியாச்சி. இது இன்னும் என்னத்துக்கு?"

எங்களுக்குச் சரியாகப் பதில் தெரியவில்லை. தேடி வாசித்தோம். கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சாச்சியின் கட்டியிலுள்ள கலங்கள் ஈஸ்திரஜன் என்ற ஓமோனைப் பிடித்துக்கொண்டு வளர்கிற வகை. அந்த ஓமோனை உடம்பு உண்டாக்காமல் தடுக்கத்தான் இந்தக் குளிசை.

"எனக்கு நிண்டு போய் ஏழெட்டு வருசமாச்சே. இன்னும் எங்கிருந்து வருது அந்த ஓமோன்?" என்று சாச்சி கேட்டார்.

நல்ல கேள்வி. மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்திரஜன் சுரப்பதை விட்டுவிடுகிறது. ஆனால் உடம்பில் ஈஸ்திரஜன் முற்றாக இல்லாமற் போவதில்லை. அந்த வயதில் அது முக்கியமாக உண்டாகும் இடம் கொழுப்பிழையம்.

நாங்கள் வகுப்பில் கொழுப்பிழையத்தைப் பற்றி எழுதிப் போடுவது மூன்றே மூன்று விடயம். சக்தியைச் சேமித்தல், உடல் வெப்பம் வெளியேறாமல் காத்தல், உள்ளங்கங்களை அதிர்ச்சியிலிருந்து பாதுகாத்தல். பிள்ளைகள் மூன்றையும் எழுதினால் முழுப் புள்ளி. நாங்களும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் கல்லூரியில் படிப்பிக்கப் பழகினோம். கொழுப்பு என்றால் அரிசி மூட்டை அடுக்கிய அறை மாதிரி, சும்மா கிடக்கிற ஒன்று என்றுதான் எங்கள் மனதில் பதிந்திருந்தது. "கொழுப்புக் கட்டிதானே" என்ற சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததும் அதனால்தான்.

அந்த அறை சும்மா கிடக்கவில்லை. 1994இல் நியூயோர்க்கில் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் என்பவரின் குழு, கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஓமோனைச் சுரந்து மூளையோடு பேசுகின்றன என்று கண்டுபிடித்தது. "சேமிப்பு போதும், பசியைக் குறை" என்பதுதான் அதன் செய்தி. அதன் பிறகுதான் கொழுப்பிழையத்தையும் ஓமோன் சுரக்கும் ஓர் அங்கமாகவே பார்க்கத் தொடங்கினார்கள். உடம்பில் கொழுப்புக் கூடக்கூட இரத்தத்தில் லெப்டினும் கூடும். பருத்த உடம்பில் மூளை அந்தச் செய்தியைச் சரியாகக் கேட்காது. ஆனால் உடம்பின் மற்ற இடங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பெண்ணின் மார்பில் பால் சுரப்பிகளும் குழாய்களும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நிறையக் கொழுப்பு. அதாவது மார்பில் ஒரு கலம் புற்றுநோய்க் கலமாக மாறினால், அதற்கு அடுத்த வீட்டுக்காரர் கொழுப்புக் கலம்தான். அந்த அயலில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறோம்.

கொழுப்புக் கலம் ஒரு பலூன் மாதிரி. உள்ளே ஒரு பெரிய கொழுப்புத் துளி. நாம் எரிப்பதைவிடக் கூடுதலாகச் சாப்பிடச் சாப்பிட அது ஊதிப் பெருக்கும். அளவுக்கு மிஞ்சி ஊதினால் அதற்கு வேண்டிய ஒட்சிசன் போதாமல் போகும். கலம் கஷ்டப்படும். சில கலங்கள் இறந்தும் போகும்.

இறந்த கலங்களைத் துப்புரவாக்குவது எங்கள் நிர்ப்பீடனத் தொகுதியின் வேலை. அதற்கென்றே பெரிய தின்கலங்கள் இருக்கின்றன. மக்ரோபேஜ் என்பார்கள். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் எலி மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி, நட்சத்திர மீன் குடம்பிக்குள் ஒரு முள்ளைக் குத்தி வைத்துப் பார்த்தபோது, அசையும் கலங்கள் வந்து முள்ளைச் சூழ்ந்ததைக் கண்டார். தின்கலங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே மாதிரி, இறந்த கொழுப்புக் கலத்தையும் தின்கலங்கள் சூழ்கின்றன. ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஊதிப் பெருத்த கொழுப்புக் கலம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் பெரிதாக வளரும். தின்கலம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரே வாயில் விழுங்க ஏலாது. அதனால் பல தின்கலங்கள் சேர்ந்து வட்டமாக நின்று கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு கிரீடம் மாதிரித் தெரியும். கிரீட அமைப்பு என்றுதான் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். பருத்த எலிகளிலும் மனிதர்களிலும் கொழுப்பிழையத்துக்குள் இருக்கும் தின்கலங்களில் பெரும்பாலானவை இப்படி இறந்த கலங்களைச் சுற்றியே நிற்கின்றன என்று 2005இல் காட்டினார்கள்.

துப்புரவாக்குவது நல்ல வேலைதான். பிரச்சினை, வேலை முடியாமல் இழுபடுவதில் இருக்கிறது. காலில் ஒரு காயம் பட்டால் சிவந்து வீங்கிப் பிறகு ஆறிவிடும். அந்தச் சிவப்பும் வீக்கமும் அழற்சி. பருத்த கொழுப்பில் அந்த அழற்சி ஆறாமல் வருடக்கணக்கில் மெல்லியதாக எரிந்துகொண்டிருக்கும். நோகாது. காய்ச்சல் வராது. வெளியில் ஒன்றும் தெரியாது.

அப்படி நிற்கிற தின்கலங்கள் சில இரசாயனச் செய்திகளை விடுகின்றன. அதைக் கேட்கும் அயல் கலங்கள் அரோமற்றேஸ் என்ற நொதியத்தைக் கூட்டி உண்டாக்குகின்றன. அந்த நொதியம்தான் கொழுப்பிழையத்தில் ஈஸ்திரஜனை உண்டாக்குவது. 2011இல் நியூயோர்க்கில் உள்ள ஆய்வாளர்கள் பெண்களின் மார்பு இழையத்தையே எடுத்துப் பார்த்தார்கள். உடற்பருமன் கூடிய பெண்களில் அந்தக் கிரீட அமைப்புகள் கூடுதலாக இருந்தன. அவை இருந்த இடத்தில் அரோமற்றேசும் கூடியிருந்தது.

சாச்சி ஒவ்வொரு இரவும் குடிக்கும் குளிசை தடுப்பது இந்த அரோமற்றேசைத்தான். இதை விளங்கிக்கொண்ட அன்று நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நாங்கள் சும்மா கிடக்கிற பொருள் என்று படிப்பித்த ஒன்றின் வேலையை நிறுத்தத்தான், சாச்சி மூட்டு நோவையும் தாங்கிக்கொண்டு அந்தக் குளிசையைக் குடிக்கிறார்.

கதை அத்தோடு முடியவில்லை. புற்றுநோய்க் கலமும் அயலைத் தனக்கேற்ற மாதிரி மாற்றுகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் கொழுப்புக் கலங்கள் தம் கொழுப்பை விட்டுச் சுருங்குகின்றன. அவை விடும் கொழுப்பமிலங்களைப் புற்றுநோய்க் கலம் எடுத்து எரிபொருளாக்கிக்கொள்கிறது. சுருங்கிய கலம் சும்மாவும் இருப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. பிரான்சில் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இதை 2011இல் விவரமாக எழுதினார்கள்.

அப்படியானால் எங்களைக் காப்பாற்ற வேண்டிய படை எங்கே? இருக்கிறது. ரி கலங்கள் என்று ஒரு வகை வெண்குருதிக் கலங்கள், பிழையாக மாறிய கலங்களை அடையாளம் கண்டு கொல்லும். 2020இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பருத்த எலிகளின் மார்புக் கட்டிக்குள் போகும் ரி கலங்கள், லெப்டினின் தூண்டுதலால் தங்கள் எரிபொருளை மாற்றிக்கொள்கின்றன. குளுக்கோசை எரிப்பதைக் குறைத்துக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகின்றன. அப்படி மாறிய ரி கலம் முன்போல் தாக்காது. அந்த மாற்றத்தைத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்ல ஏலாதுதான். ஆனாலும் கொழுப்பு, நிர்ப்பீடனம், புற்றுநோய் மூன்றும் ஒரே வளவுக்குள் ஒன்றோடொன்று கதைத்துக்கொண்டு இருக்கின்றன என்பது இதில் விளங்குகிறது.

இனி, இதை எழுதுவதற்கு எங்களைத் தூண்டிய விடயத்துக்கு வருகிறோம்.

சாச்சி சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாட்களில் வருத்தம் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். பழமும் மோல்டட் பாலும் கொண்டுவந்தார்கள், துஆ செய்தார்கள். அல்லாஹ் எல்லாருக்கும் பரக்கத் செய்யட்டும். ஆனால் சிலர் போகும்போது வாசலில் நின்று சொன்னது சாச்சியின் காதில் விழுந்தது. "நல்லாச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. அதான்." இன்னொருவர், "வாயக் கட்டியிருந்தா இது வந்திருக்காது" என்றார்.

அன்று இரவு சாச்சி சோறு சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்து ஏற்றுகிற உடம்பு அது. எங்களை வளர்த்த காலத்தில் இருந்த கறியை எங்களுக்குப் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதோடு வெறுஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டவரைத்தான் இப்படிச் சொன்னார்கள்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடற்பருமன் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு காரணி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2016இல் 13 வகைப் புற்றுநோய்களுக்கு அது காரணியாகிறது என்று அறிவித்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்புப் புற்றுநோயும் அதில் ஒன்று. இது உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் வயது, பரம்பரை, எப்போது பூப்படைந்தார், பிள்ளை பெற்றாரா, பால் கொடுத்தாரா என்று வேறு எத்தனையோ காரணிகள் இருக்கின்றன. மெல்லிய பெண்களுக்கும் இந்த வருத்தம் வருகிறது. பருத்த பெண்களில் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஆண்களுக்கும்கூட அருமையாக வருகிறது. ஒரு மனிசியைக் காட்டி "இவவுக்கு இதனாலதான் வந்தது" என்று சொல்ல எந்த டொக்டராலும் ஏலாது. வாசலில் நிற்கிற நம்மால் எப்படி ஏலும்?

"நான் மெல்லிசு, எனக்குப் பயமில்லை" என்று இருக்கவும் ஏலாது. தெற்காசிய மக்களாகிய நமக்கு, பார்வைக்கு மெல்லிய உடம்பிலும் உள்ளே கொழுப்புக் கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். நம் ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வருத்தத்துக்கும் இதே கொழுப்பழற்சியோடு தொடர்பு இருக்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

வீட்டில் பெரிய சட்டம் ஒன்றும் போடவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டோம். அஸருக்குப் பிறகு கடையில் வாங்கும் ரோல்ஸும் பெட்டிஸும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும். கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி இருந்தால், சோற்றைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டுக் கறியை ஒரு பிடியோடு நிறுத்தப் பழகுகிறோம். எல்லா நாளும் சரிவருவதில்லை.

நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. உடற்பயிற்சி இந்த வருத்தம் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது, நிறை குறையாவிட்டாலும் உடம்புக்கு நல்லது. இதையெல்லாம் வாசித்துவிட்டோம். ஆனால் எங்கே நடப்பது? காலையில் ரோட்டில் நடந்தால் சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கிறார். பின்னேரம் மைதானம் முழுக்கப் பொடியன்மாரின் கிரிக்கெட். கடற்கரைப் பக்கம் போனால் "ரீச்சர், எங்க இந்த நேரம்?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் வளவுக்குள்ளேயே மதிலைச் சுற்றி நடக்கிறார்கள். சாச்சியும் முதலில் அப்படித்தான் நடந்தார், கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும், திரும்பக் கிணற்றடி வரைக்கும்.

பிறகு எங்கள் பாடசாலையில் அனுமதி கேட்டோம். சனி, ஞாயிறு சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மைதானம் பெண்களுக்கு என்று தந்தார்கள். மூன்று பேரோடு தொடங்கினோம். இப்போது 11 பேர் வருகிறார்கள். சாச்சி இரண்டு சுற்று நடந்துவிட்டு மரத்தடியில் இருந்து மற்றவர்களை எண்ணிக்கொண்டு இருப்பார்.

கிழமையில் இரண்டு நாள் போதாது. பள்ளி நிர்வாகத்தில் உள்ளவர்களும், விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாரும் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் ஊரில் ஓர் இடத்தைப் பெண்களுக்கென்று விட்டுத் தாருங்கள். உங்கள் உம்மாவும் ராத்தாவும்தான் நடக்கப் போகிறார்கள்.

பெண்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டால், தோல் உள்ளே இழுபட்டால், முலைக்காம்பு உள்வாங்கினால், இரத்தமோ நீரோ கசிந்தால், அக்குளில் வீக்கம் தெரிந்தால், அந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். நோகவில்லை என்பது நல்ல அடையாளம் இல்லை, இந்தக் கட்டி தொடக்கத்தில் அனேகமாக நோகாது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயாக இருப்பதும் இல்லை, உண்மையில் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் உரிமை ரீச்சருக்கும் இல்லை, பக்கத்து வீட்டு மாமிக்கும் இல்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். காசு எடுக்க மாட்டார்கள்.  உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டால் நாளைச் சொல்வார்.

தரம் 11 வகுப்பில் இந்த வருடம் கொழுப்பிழையம் பற்றிய பாடம் வந்தபோது, அந்த மூன்று விடயத்துக்குக் கீழே நான்காவதாக ஒன்றை எழுதிப் போட்டோம்: ஓமோன்களைச் சுரத்தல். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், இது புத்தகத்தில் இல்லையே, பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டது. வராமல் இருக்கலாம், வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொன்னோம்.

சாச்சி இந்தப் பதிவை முழுக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, "கலியாணம் முடியட்டும்ண்டு நானும்தானே சொன்ன. உங்கள மட்டும் ஏசி எழுதாதீங்க" என்றார். அவர் சொன்னதையும் எழுதிவிட்டோம். இஷாவுக்குப் பிறகு குளிசையை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.